அரை சதவீதம்

2003 ஜூன் மாதம், அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான பொதுக் கணக்கு அலுவலகம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. டாக்சால் என்ற புற்றுநோய் மருந்துக்காக அரசு எவ்வளவு செலவழித்தது, அதை விற்ற நிறுவனம் எவ்வளவு ஈட்டியது, அரசுக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்பதுதான் அதன் விஷயம். அறிக்கையைக் கேட்டு வாங்கியவர் ஆரிகன் மாநில செனட்டர் ரான் வைடன். சாரத்தை நான்கு எண்களில் சொல்லிவிடலாம். 2002 வரை டாக்சால் தொடர்பான ஆராய்ச்சிக்குத் தேசிய சுகாதார நிறுவனம் செலவிட்டது 48.4 கோடி டாலர். அதே ஆண்டுவரை பிரிஸ்டல்-மயர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் அந்த மருந்தை விற்றது சுமார் 900 கோடி டாலருக்கு. அரசுக்கு ராயல்டியாகக் கிடைத்தது 3.5 கோடி. 1994 முதல் 1999 வரை, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் அதே மருந்துக்காகக் கொடுத்தது 68.7 கோடி.

விற்பனையில் அரை சதவீதம். ராயல்டிக்கு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்த விகிதம் அவ்வளவுதான்.

இந்த அறிக்கையை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க விரும்புகிறேன். கதைகளையும் திரைப்படங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் பெண்ணிய நோக்கில் நாம் நிறையவே வாசித்திருக்கிறோம். கணக்குகளை அப்படி வாசிப்பது குறைவு. எண்கள் பால் பேதம் பார்க்காது என்ற நம்பிக்கை நமக்குள்ளும் இருக்கிறது போலும். ஆனால் எதைச் செலவு என்று எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்று ஒவ்வொரு கணக்கிலும் யாரோ முடிவு செய்கிறார்கள். வீட்டுக் கணக்கில் அம்மாவின் சமையல் எந்தப் பத்தியிலும் வராததைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை.

முதலில் மருந்தின் கதை. 1960களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், வேளாண் துறையோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான தாவரங்களைச் சேகரித்துப் புற்றுநோய்க்கு எதிரான பொருள் ஏதேனும் அவற்றில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தது. 1962இல் வாஷிங்டன் மாநிலத்தின் அரசுக் காடொன்றில் ஆர்தர் பார்க்ளே என்ற வேளாண் துறைத் தாவரவியலாளர் பசிபிக் யூ மரத்தின் பட்டையை எடுத்தார். மரம் வெட்டுபவர்கள் விறகுக்குக்கூட மதிக்காமல் எரித்துவிட்டுப் போகும் மரம் அது. வட கரோலினாவில் மன்றோ வாலும், மகாராஷ்டிரத்தில் பிறந்து பம்பாயில் படித்த மன்சுக் வானியும் அரசு ஒப்பந்தத்தில் வேலை செய்து, அந்தப் பட்டையிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். வால் அதற்கு டாக்சால் என்று பெயர் வைத்தார். அதன் அமைப்பை 1971இல் உலகறிய வெளியிட்டார்கள்.

பிறகு சில ஆண்டுகள் அது கிட்டத்தட்டக் கிடப்பில் கிடந்தது. அது செல்லுக்குள் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்தவர் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் இருந்த சூசன் ஹார்விட்ஸ். தன் மாணவர் பீட்டர் ஷிஃபுடனும் ஜேன் ஃபான்டுடனும் சேர்ந்து 1979இல் அவர் வெளியிட்ட கட்டுரை, செல் பிளவுபடும்போது உருவாகும் நுண்குழாய்களை டாக்சால் கலையவிடாமல் உறைய வைக்கிறது என்று காட்டியது. அதுவரை அறியப்பட்ட எந்தப் புற்றுநோய் மருந்தும் அப்படி வேலை செய்ததில்லை. கிடப்பில் கிடந்த பொருளுக்கு மறுபடி உயிர் வந்தது. இதற்கும் பணம் தந்தது அரசுதான்.

1984இல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. நீரில் கரையாத மருந்து என்பதால் எண்ணெய் போன்ற ஒரு கரைப்பானில் கலந்து நரம்பில் ஏற்றினார்கள். சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்டது. மருந்தை 24 மணி நேரத்துக்கு மெதுவாக ஏற்றலாம், முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் கொடுக்கலாம் என்பதையெல்லாம் அந்த நோயாளிகளின் உடல்களிலிருந்துதான் மருத்துவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1989இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட முடிவு எல்லாவற்றையும் மாற்றியது. வேறு மருந்துகள் கைவிட்டுவிட்ட சினைப்பைப் புற்றுநோயாளிகளில், கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட 40 பெண்களில் 12 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியிருந்தது. மீதி 28 பேருக்குச் சுருங்கவில்லை. முடி உதிர்வது, வெள்ளையணுக்கள் சரிவது, விரல் நுனி மரத்துப்போவது எல்லாம் இரு தரப்புக்கும் பொது.

மருந்தைப் பெருமளவில் தயாரிக்கவும் விற்கவும் புற்றுநோய் நிறுவனம் கூட்டாளி தேடியது. பிரிஸ்டல்-மயர்ஸ் ஸ்குவிப் தேர்வானது. 1991இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பல்கலைக்கழகங்களும் சிறு நிறுவனங்களும் அரசுப் பணத்தில் கண்டுபிடித்தவற்றின் உரிமையைத் தாங்களே வைத்துக்கொள்ள 1980ஆம் ஆண்டின் பை-டோல் சட்டம் வழி திறந்திருந்தது. அரசு ஆய்வகங்கள் தனியாருடன் கூட்டு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள 1986இல் இன்னொரு சட்டம் வந்திருந்தது. டாக்சால் ஒப்பந்தம் இந்த இரண்டாவது சட்டத்தின் பிள்ளை.

இங்கே ஒரு கேள்வி. அந்த ஒப்பந்தத்தில் அரசு நிறுவனத்துக்குக் கொடுத்தது எது?

மூலக்கூறு என்று சொல்ல முடியாது. அது 1971லேயே வெளியாகிவிட்டது. அரசு அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. இனி யாரும் வாங்கவும் முடியாது. கொடுக்கப்பட்டது தரவு. நடந்து முடிந்த, நடந்துகொண்டிருந்த மருந்துச் சோதனைகளின் முடிவுகளைத் தன் விண்ணப்பத்துக்குப் பயன்படுத்தும் உரிமை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் கிடைத்தது. அரசு நிலங்களில் இருந்த யூ மரங்களின் பட்டையை எடுக்கும் தனி உரிமையும் வேறு ஒப்பந்தங்களின் மூலம் அதற்கே போனது. 1992 ஜூலையில் அனுமதி கேட்டு விண்ணப்பித்தபோது விண்ணப்பத்தைத் தாங்கி நின்றது பெருமளவு புற்றுநோய் நிறுவனத்தின் சோதனைகளே. டிசம்பர் இறுதியில் அனுமதி கிடைத்தது. புதிய மருந்தொன்றை முதலில் அனுமதி பெற்று விற்பவருக்கு அமெரிக்கச் சட்டம் ஐந்தாண்டுத் தனியுரிமை தருகிறது. 1997 முடியும்வரை சந்தை முழுக்க அந்த நிறுவனத்தின் கையில் இருந்தது அந்தச் சட்டத்தால்தான்.

அதன் பிறகும் அது விடவில்லை. எந்த அளவில், எத்தனை மணி நேரத்தில் மருந்தை ஏற்றுவது என்ற முறைக்கு அது காப்புரிமை பெற்றிருந்தது. அவற்றை வைத்து வழக்கு நடந்தது. மலிவான மாற்று மருந்து 2000ஆம் ஆண்டுதான் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதல் ஐந்தாண்டு ஏகபோகம் நின்றது சோதனைத் தரவின்மீது. அதை நீட்டிக்கப் பயன்பட்டது, உடல் எந்த வேகத்தில் எவ்வளவு தாங்கும் என்ற அறிவு. இரண்டும் ஆய்வகத்துக் குடுவையில் பிறந்தவை அல்ல. நோயுற்றவர்களின் நரம்பிலிருந்து, அவர்களுடைய வாந்தியிலிருந்து, இரத்தப் பரிசோதனைத் தாள்களிலிருந்து வந்தவை. சினைப்பை, மார்பகப் புற்றுநோய்களில் அந்த உடல் பெண் உடல். அந்த உடல்களின் பதிவேட்டைத்தான் அரசு ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தது. கம்பெனி அதைச் சுற்றி வேலி போட்டது.

தணிக்கை அறிக்கையில் இந்தப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? சோதனைகளுக்கு ஆன செலவு என்ற வரியில். மருத்துவரின் சம்பளம், படுக்கை வாடகை, மருந்தின் மதிப்பு எல்லாம் அந்த வரிக்குள் டாலராக வந்துவிட்டன. படுக்கையில் இருந்தவர் வரவில்லை. அறிக்கையின்மீது குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கேட்ட கேள்விக்கு அது நேர்மையாகவே பதில் சொல்லியிருக்கிறது. கேள்வியே பணத்தைப் பற்றியதாக மட்டும் இருந்தது என்பதுதான் என் விமர்சனம்.

பெயரின் கதையையும் சொல்ல வேண்டும். டாக்சால் என்ற சொல் இருபதாண்டுகளாக அறிவியல் இதழ்களில் எல்லோருக்கும் பொதுவாகப் புழங்கிய சொல். 1992இல் நிறுவனம் அதை வணிகப் பெயராகப் பதிவு செய்துகொண்டது. அன்று முதல் மருந்தின் பொதுப்பெயர் பக்லிடாக்செல். மரம் பொதுக் காட்டில் இருந்தது, பணம் பொதுப் பணம், பெயர் பொதுப் பெயர். மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பொதுவாக நீடிக்கும் பாக்கியம் வாய்க்கவில்லை.

நிறுவனம் எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நோயாளிக்குத் தேவையான மருந்துக்கே பல மரங்களை வெட்ட வேண்டியிருந்த காலத்தில் அது மலையளவு பட்டையைத் திரட்டியது. புற்றுநோய் நிறுவனத்தின் சோதனைகளுக்கு மருந்தை விலையின்றித் தந்தது. யூ இனத்தின் இலைகளிலிருந்து கிடைக்கும் ஒரு பொருளை டாக்சாலாக மாற்றும் முறையைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்த முறையை ஆய்வகத்தில் செம்மைப்படுத்தியவர் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹோல்டன். அந்தப் பல்கலைக்கழகம் அதற்குக் காப்புரிமை வாங்கி, அதே நிறுவனத்திடமிருந்து 30 கோடி டாலருக்கும் அதிகமாக ராயல்டி பெற்றது. தயாரிப்பு முறையொன்றுக்கு அவ்வளவு கொடுக்க முடிந்த நிறுவனம், மரத்திலிருந்து மனித உடல்வரை அந்த மருந்தைக் கொண்டுவந்த பொதுமக்களுக்கு 3.5 கோடி கொடுத்தது. ஆகவே அரை சதவீதம் என்பது சந்தை விதித்த விதியில்லை. பேரம் பேச உட்கார்ந்தவர் எவ்வளவு கேட்டாரோ அவ்வளவு.

விலையைப் பற்றிக் கேட்கவும் அரசிடம் ஒரு கருவி இருந்தது. எய்ட்ஸ் மருந்தான ஏஇசட்டியின் விலை கிளப்பிய கோபத்துக்குப் பிறகு, 1989இல் தேசிய சுகாதார நிறுவனம் தன் கூட்டு ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: பொதுப் பணம், மக்களின் தேவை, மருந்தின் விலை இவற்றுக்கு இடையே நியாயமான உறவு இருக்க வேண்டும். டாக்சாலின் விலையை அந்த நிபந்தனை இறக்கவில்லை. 1995இல் அந்த நிறுவனத்தின் தலைவர் ஹரால்ட் வார்மஸ் நிபந்தனையையே நீக்கினார். நிபந்தனைக்குப் பயந்து கம்பெனிகள் கூட்டு வைக்கத் தயங்குகின்றன, அதனால் மருந்துகளே வராமல் போகும் என்பது அவர் தரப்பு வாதம். அதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. நிபந்தனை நீங்கிய பின் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் அதிக ஒப்பந்தம் என்பதும் அதிகப் பேருக்கு மருந்து என்பதும் ஒன்றல்ல. நிபந்தனை போட்டால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள் என்று பெண்ணின் அப்பா கைகட்டி நிற்கும் காட்சிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அந்தப் பேச்சுவார்த்தையிலும் யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறார்களோ அவளை யாரும் கூடத்துக்குக் கூப்பிடுவதில்லை.

இந்தக் கதையை வைத்து இடதுசாரிப் பொருளியல் ஒரு விமர்சனத்தை முன்வைத்திருக்கிறது. மரியானா மத்சுகாத்தோ 2013இல் எழுதிய ‘தொழில்முனைவோர் அரசு’ அதில் புகழ்பெற்றது. ஆபத்தைப் பொதுமக்கள் தலையில் கட்டிவிட்டு ஆதாயத்தைத் தனியார் எடுத்துக்கொள்கிறார்கள். முதலீடு செய்த அரசுக்கு உரிய பங்கு திரும்பி வர வேண்டும் என்கிறார் அவர். அந்தப் புத்தகம் பலருடைய கண்களைத் திறந்தது, என்னுடையதையும். கண்டுபிடிப்பு என்றால் தனியார், தடை என்றால் அரசு என்ற கட்டுக்கதையை அது உடைத்தது.

ஆனாலும் முதலீட்டாளர் என்ற அந்த உருவகம் எனக்கு நெருடுகிறது. முதலீட்டாளருக்கு வேண்டியது லாபத்தில் பங்கு. அரை சதவீதத்தை ஐந்து சதவீதமாக்கிவிட்டால் அவர் மனம் குளிர்ந்துவிடும். மருந்தின் விலை அப்படியே இருக்கும். ஏன், விலை ஏற ஏற அரசின் பங்கும் ஏறும். மருந்து வாங்க முடியாத பெண்ணுக்கு அரசும் கம்பெனியும் சேர்ந்து எதிர்த்தரப்பு ஆகிவிடும்.

இன்னொரு சிக்கல், ‘வரி கட்டுகிற எனக்கு உரிமை இருக்கிறது’ என்ற வாதம். இதைச் சொல்லும்போது நம் மனக்கண்ணில் வருபவர் மாதச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கப்படும் ஒருவர், பெரும்பாலும் ஆண். நம் ஊரில் வீட்டு வேலை செய்யும் பெண் சோப்பு வாங்கும்போதும் பற்பசை வாங்கும்போதும் வரி கட்டுகிறார். வரி கட்டுபவர் என்ற மரியாதை மட்டும் அவருக்குக் கிடைப்பதில்லை. அவரையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதுமா? போதாது. அமெரிக்க அரசுக்கு ஒரு காசு வரி கட்டாத பெண்களுக்கும் இதே நோய் வருகிறது. முதலீட்டாளர் தர்க்கம் அவர்களுக்கு எதுவும் சொல்லாமல் நாட்டின் எல்லையில் நின்றுவிடுகிறது.

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது அவருக்கு ஏற்றிய மருந்துகளில் பக்லிடாக்செலும் ஒன்று. மருத்துவமனை ரசீதில் ஓர் இந்திய நிறுவனத்தின் பெயர் இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரசீது வரும். நகைப் பெட்டி கொஞ்சம் இலேசாகும். அப்படியும் கட்டி முடிக்க முடிந்தது. அதற்குக் காரணம் அமெரிக்காவின் தாராளமோ நிறுவனத்தின் கருணையோ கிடையாது. 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்து என்ற பொருளுக்குக் காப்புரிமை தர மறுத்தது. 2005 வரை அந்த நிலை இருந்தது. அந்த இடைவெளியில்தான் இங்கே மாற்று மருந்துத் தொழில் வளர்ந்தது. பெரியம்மாவின் சிகிச்சைக்குக் கைகொடுத்தது யாருடைய முதலீட்டின் லாபப் பங்கும் அல்ல. உரிமையை மட்டுப்படுத்திய ஒரு சட்டம். அதற்கு வேறொரு விலையும் கொடுக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்: இமயமலையின் யூ மரங்கள் இதே மருந்துக்காக இலையும் பட்டையுமாக உரிக்கப்பட்டு அருகிப்போயின.

பெண்கள் இயக்கத்தின் பங்கையும் விமர்சனத்துக்கு உட்படுத்தாமல் விடக் கூடாது. டாக்சால் ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1991இல் அமெரிக்காவில் தேசிய மார்பகப் புற்றுநோய்க் கூட்டமைப்பு உருவானது. நோயுற்ற பெண்களும் அவர்களுடைய மகள்களும் தெருவில் இறங்கினார்கள். லட்சக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். அடுத்த ஆண்டே பாதுகாப்புத் துறையின் நிதியிலிருந்து மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 21 கோடி டாலர் ஒதுக்க வைத்தார்கள். பெண்களின் நோய்க்கு ஆராய்ச்சி தேவையில்லை என்று ஒதுக்கிவந்த ஓர் அமைப்பிடமிருந்து பெற்ற பெரிய வெற்றி அது. அந்தப் போராட்டத்தின் முன்வரிசைக் கோஷம், இன்னும் பணம் வேண்டும் என்பது. பணத்தில் பிறப்பது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அந்த அளவு குரல் எழவில்லை. சான்பிரான்சிஸ்கோவின் ‘பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன்’ அமைப்பு, பார்பரா பிரென்னரின் தலைமையில், மருந்துக் கம்பெனிகளிடம் நன்கொடை வாங்குவதில்லை என்று 1998இல் முடிவெடுத்தது. கம்பெனிப் பணத்தில் நடக்கும் அமைப்பு கம்பெனியின் விலையைக் கேள்வி கேட்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு பரவலாகவில்லை.

இதெல்லாம் அமெரிக்காவின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட நமக்கு வசதியில்லை. பை-டோல் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, பொது நிதியில் உருவாகும் அறிவுச் சொத்து குறித்த மசோதா 2008 டிசம்பரில் நம் மாநிலங்களவைக்கு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது, 2014இல் திரும்பப் பெறப்பட்டது. மசோதா போனாலும் அந்த எண்ணம் போகவில்லை. கோவாக்சின் தடுப்பூசிக்கான வைரஸைப் பிரித்துக் கொடுத்தது புணேயில் உள்ள அரசு வைராலஜி நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதனைக்குப் பணம் தந்தது. விற்பனையில் ஐந்து சதவீத ராயல்டி என்று ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கா வாங்கியதைவிடப் பத்து மடங்கு விகிதம்! முதலீட்டாளர் கண்ணோட்டத்தில் நல்ல பேரம். 2021 ஏப்ரலில் நிறுவனம் அறிவித்த விலை, மாநில அரசுகளுக்கு ஒரு டோஸ் 600 ரூபாய், தனியார் மருத்துவமனைகளுக்கு 1,200. ராயல்டியைக் கூட்டினால் மட்டும் விலை இறங்காது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அந்தத் தடுப்பூசியின் சோதனையில் பங்கேற்ற போபால் விஷவாயுக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள், நடப்பது சோதனை என்றே தங்களுக்குச் சொல்லவில்லை என்று அந்த ஜனவரியில் புகார் கூறினார்கள். மருத்துவமனை மறுத்தது. யாருடைய உடல் சோதனைக்கு எளிதாகக் கிடைக்கிறது என்ற கேள்வியை அந்த மறுப்பு மூடிவிடவில்லை.

ஆகவே, ‘எங்கள் வரிப்பணத்தைத் திருப்பிக் கொடு’ என்ற கோஷத்தோடு நாம் நின்றுவிடக் கூடாது. பொதுப் பணத்தில் நடக்கும் சோதனையின் தரவு எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியுரிமையாகப் போகக் கூடாது. தகுதியுள்ள எந்தத் தயாரிப்பாளரும் அதைக் காட்டி அனுமதி கேட்க முடிய வேண்டும். உரிமம் கொடுக்கும் அன்றே விலையின் உச்சவரம்பை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும், ராயல்டியை அதற்குப் பதிலாக ஏற்கக் கூடாது. தன் உடலைத் தந்தவருக்குச் சோதனை முடிந்த பிறகும் அந்த மருந்து கிடைப்பது சட்டப்படி உறுதியாக வேண்டும். ஒப்பந்தம் பேசும் மேசையில் நோயாளிகளின் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும். ஒப்பந்தத்தின் வாசகம் வெளியாக வேண்டும். அரை சதவீதம் என்று யார், எந்தக் காரணத்துக்காக ஒத்துக்கொண்டார் என்பது பல ஆண்டு கழித்துத் தணிக்கையில் தெரிய வேண்டிய செய்தி அல்ல.

சூசன் ஹார்விட்ஸின் பெயரை இன்று பாடநூல்களில் காணலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அந்த 40 பெண்கள் வரிசை எண்களாகவே இருந்தார்கள்; அது அவர்களுடைய அந்தரங்கத்துக்கான பாதுகாப்பு, அப்படியே இருக்கட்டும். பெயர் வேண்டாம். மருந்தின் கணக்கை அடுத்த முறை எழுதும்போது, செலவுப் பத்தியில் அவர்களுக்கும் ஒரு வரி வேண்டும். அந்த வரியை டாலரில் நிரப்ப முடியாது என்பதால்தான், அதற்கான பதில் விலையிலும் உரிமையிலும் எழுதப்பட வேண்டும் என்கிறேன்.